கறுப்பு ஓரம்

பிரிட்டாவின் உறையில் அந்த ஒரு நெகட்டிவ் மட்டும் இல்லை. காணாமல் போன படமோ கூடத்துச் சுவரில் தொங்கியது, கிளேட்டனின் பெயரோடு. உறைந்த ஏரி; பனியில் குப்புறப் படுத்துத் துளைக்குள் எட்டிப் பார்க்கும் மீனவன்.

மாலை ஆறு மணிக்குக் கண்காட்சி. டுலூத் நகரில் பிரிட்டா, கிளேட்டன் போன்றோர் வந்து பிலிம் கழுவி அச்சிடும் அந்தப் பொது இருட்டறையை நடத்தும் அவுனேவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சுவருக்கும் மேசைக்குமாக நடந்தாள். மேசையில் பிரிட்டாவின் கேமரா கிடந்தது, முன்பொரு முறை படிக்கட்டில் விழுந்து நசுங்கிய மூலையில் டேப் ஒட்டி.

அது தன் படம் என்று பிரிட்டா சொன்னதை யாரும் நம்பவில்லை. அவள் படங்கள் வெளிறியவை; ஓரத்தை வெட்டி வெள்ளை விளிம்போடுதான் அச்சிடுவாள். சுவரில் தொங்கியதிலோ அடர்ந்த இருள், சுற்றிலும் கறுப்புக் கோடு. படத்தின் ஓரத்தை வெட்டாமல், சுற்றியுள்ள ஒளி படாத பிலிமையும் சேர்த்து அச்சிட்டால் விழும் கோடு அது. அதை வைத்தே கிளேட்டனின் படத்தைத் தூரத்திலிருந்து சொல்லிவிடலாம்.

நெகட்டிவைக் கேட்டதற்கு வீட்டில் இருப்பதாகச் சொன்னான் கிளேட்டன். "அன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் நின்னோம். குளிர்ல கை விறைச்சு அவ எடுக்காம விட்டிருந்தா நான் என்ன பண்றது?"

"எனக்கே சந்தேகமா இருக்கு அவுனே," என்றாள் பிரிட்டா மெதுவாக. "நான்தான் எடுத்தேனா?"

அவுனே நின்றாள். பிரிட்டாவின் மிச்சப் பிலிமை விளக்கில் பிடித்து லென்ஸ் வழியே பார்த்தாள். பிறகு சுவரோரம் போனாள்.

"கிளேட்டன், இங்க வா. கீழ, இடது மூலையப் பாரு."

கறுப்புக் கோடு அங்கே நேராக இல்லை. மீன்முள் நுனி அளவுக்கு ஒரு கறுப்புப் பல் படத்துக்குள் நீண்டிருந்தது. அவனுடைய மற்ற படங்களில் கோடு அளவுகோல் வைத்ததுபோல் இருந்தது.

"இவ பிலிம்ல ஒவ்வொரு படத்துலயும் இந்தப் பல் இருக்கு. கேமரா நசுங்கினப்போ, பிலிம்ல படத்தோட ஓரத்த வரையுற உள்சட்டமும் வளைஞ்சிருக்கு. ஓரத்த எப்பவும் வெட்டிடுறதால அவளுக்கே இது தெரியாது. நீதான் அவ நெகட்டிவ எடுத்திருக்க."

கிளேட்டன் கோட்டுப் பையிலிருந்து சிறு பிலிம் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

அவுனேவுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. "அந்த ஓரத்த மறைச்சு அச்சடிச்சிருந்தா மாட்டியிருக்கவே மாட்டியே?"

"மறைச்சா," என்றான் அவன், "அது என் படமா இருக்காதே."