விரல் அகல வழி

இஸ்திரிப் பெட்டியை அணைத்து வெகுநேரமாகியும் போர்வையின் நடுவில் மட்டும் சூடு ஆறவில்லை. அவள் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மகளின் நெற்றியில் காய்ச்சல் பார்த்துப் பழகிய கை அது. எடுக்க மனம் வரவில்லை.

பழைய துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டு, சுவரில் மாட்டும் சித்திரமாகத் தைப்பது அவள் தொழில். எதைத் தைத்தாலும் ஓரத்தில் ஒரு விரல் அகலம் தைக்காமல் விடுவாள். அதுதான் அவள் கையெழுத்து. “உள்ள இருக்கறது வெளிய போக வழி வேணாமா?” என்று கேட்பவர்களிடம் சிரிப்பாள். இந்தப் போர்வை விற்பனைக்கு அல்ல. மூச்சிரைப்பில் இறந்துபோன மகளின் கவுன்கள், பள்ளிச் சீருடை, முட்டி தேய்ந்த பைஜாமா எல்லாம் இதில் இருந்தன. கடைசி ஓரத்தை மடித்தபோது கை வழக்கம்போல அந்த இடத்தில் நின்றது. அவள் விடவில்லை. மூடித் தைத்துவிட்டாள்.

கணவன் எட்டிப் பார்த்தான். “வழி விடலையா?”

“இதுக்கு வேணாம்.”

“விட்டுடும்மா. வாலு பட்டதெல்லாம் போதாதா?”

மகளை அந்தச் செல்லப்பெயரால் கூப்பிட்டுப் பல மாதமாகிவிட்டது. கடைக்குப் போய்வருவதாகச் சொல்லி அவன் கிளம்பிவிட்டான்.

மழை மேகத்தில் அறை சீக்கிரமே இருட்டி, நூல்கண்டு அலமாரியும் தையல் இயந்திரமும் ஒரே கறுப்பாகக் கலந்துபோக, ஈரத் துணி வாடைக்கும் இயந்திர எண்ணெய் வாடைக்கும் அடியிலிருந்து இருமல் மருந்தின் இனிப்பு வாடை மெல்ல எழுந்து மேசை முழுவதும் பரவியது. கூடவே விசில்போல ஒரு சத்தம். ஜன்னல் இடுக்கில் காற்று என்று நினைத்து இறுக்கிச் சாத்தினாள். சத்தம் நிற்கவில்லை. இழுத்து இழுத்து வந்தது. எத்தனை ராத்திரி மடியில் போட்டுக் கேட்ட இழுப்பு, பெற்றவளுக்குத் தெரியாதா?

போர்வை நடுவில் ஏறி இறங்கியது.

“வாலு?”

“அம்மா… மூச்சு முட்டுதும்மா.”

முதுகு சில்லிட்டது. ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து, மூடிய இடத்தில் நுனியை வைத்தாள். ஒரு தையல் அறுந்தது. சூடு குறைந்தது.

“இன்னும் கொஞ்சம்மா.”

இன்னொன்று. மருந்து வாடை மங்கியது. குரல் எட்டப் போனது. துணி தட்டையாகிக்கொண்டே வந்தது.

போகப்போகிறாள். இந்த முறை முழுசாக.

அன்று ஆஸ்பத்திரியில், “கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா” என்றார்கள். கையை விட்டுவிட்டு வெளியே வந்தாள். அதோடு சரி.

கத்தியை வைத்தாள். ஊசியை எடுத்தாள். இரட்டை நூல். பிரித்ததை மூடினாள்.

“வேணாம்மா.”

துணிக்கு அடியிலிருந்து ஐந்து சின்ன விரல்கள் புடைத்து எழுந்து தள்ளின. அவள் அந்தக் கையைத் துணியோடு சேர்த்துப் பற்றிக்கொண்டாள். “இருடா செல்லம், அம்மா இருக்கேன்ல” என்று அழுதபடியே, ஒவ்வொரு விரலையும் சுற்றி நெருக்கமாகத் தைக்கத் தொடங்கினாள்.