நடுப்பாலம் வரைக்கும்

பூங்கனி பள்ளிக்கூடம் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. ஐப்பசி மழையில் ஓடை பெருக்கெடுத்து, பாலமாகக் குறுக்கே கிடந்த பனந்தடிகளை அடித்துக்கொண்டு போயிருந்தது. பள்ளிக்கூடமோ அக்கரையில் இருந்தது.

"வருசா வருசம் இதே பாடுதான். நீ படிச்சது போதும் மக்கா, வீட்டுல எனக்குக் கூடமாட இரு," என்றாள் அம்மா நேசம்மாள்.

அம்மா கோபத்தில் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் தணிந்திருக்கும். அமைதியாகச் சொன்னதால் இது தணியாது என்று பூங்கனிக்குத் தெரிந்தது.

"நான் போவேம்மா. வெள்ளத்துல போகாத பாலம் போட்டா விடுவியா?"

"போடட்டும், பாப்போம்."

அப்படிப்பட்ட பாலத்தை அறிந்தவர்கள் ஊரில் இரண்டு பேர்தான். ஒருவர் அப்பா நேசையன். மற்றவர் அடுத்த வீட்டு ஞானதாசன் மாமா. இருவரும் செங்கோட்டை மலைப்பாதையில் ரயில்வே கேங்கில் வேலை பார்த்தவர்கள். அங்கே ஒரு பெரும் பள்ளத்தின் மேல் மரத்தூண்களையே கால்களாகக் கொண்ட பழைய பாலம் நின்றது. அதை எடுத்துவிட்டு இரும்புப் பாலம் போட்டபோது இருவரும் ஊர் திரும்பினார்கள்.

ரயிலையே பார்க்காத ஊர் அது. எஞ்சின் கரி கஞ்சியில் விழுந்ததையும், வண்டி போகும்போது பாலத்தின் கால்கள் கிடுகிடுவென்று நடுங்கியதையும் அவர்கள் சொன்னால் எல்லோரும் வாய் பிளந்து கேட்பார்கள்.

வெள்ளம் சற்று வடிந்ததும் ஊரார் மரங்களைக் கொண்டுவந்து கரையில் போட்டார்கள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

"கால நேரா நடணும். நம்ம மரப்பாலம் அப்பிடித்தான் நின்னுச்சு," என்றார் அப்பா.

"சொப்பனம் கண்டியா? கால அகட்டித்தான் நட்டிருந்துது. வருசா வருசம் அதுக்குத் தாரு பூசுனவன் நான்," என்றார் மாமா.

"நான் மட்டும் என்ன, பூ வச்சிட்டா இருந்தேன்?"

பேச்சு முற்றியது. மாமா கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கூடியிருந்தவர்களும் மெல்லக் கலைந்தார்கள்.

பூங்கனிக்கு அழுகை வந்தது. ஆனால் இரண்டு பேருமே பொய் சொல்லுகிறவர்கள் இல்லையே என்று யோசித்தாள். நேரே மாமா வீட்டுக்குப் போனாள்.

"மாமா, நீங்க தாரு பூசினது பாலத்துல எந்தப் பக்கம்?"

"கெழக்குப் பக்கம். எல்லாம் மணல்."

"மேக்குப் பக்கம்?"

"அது உனக்க அப்பனுக்க கேங்கு. நடுப்பாலத்துல கோடு போட்டிருக்கும். அதத் தாண்டுனா மேஸ்திரி வைஞ்சே கொன்னுருவாரு."

"ரயில்ல ஏறி அந்தப் பக்கம் போனதில்லியா?"

"போயிருக்கேன். மேல இருக்கவனுக்குக் கீழ உள்ள கால் எங்க தெரியும்?"

பூங்கனி வீட்டுக்கு ஓடினாள். "அப்பா, உங்க பக்கம் தரை எப்படி?"

"மண்ணே கெடையாது. முழுக்கப் பாறை. ஏன்?"

"ஓடைக்கரைக்கு வாங்க, சொல்லுகேன்."

அப்பா வந்துவிட்டார். கூப்பிட்டும் மாமாதான் அசையவில்லை. தூறல் விழுந்தது. பூங்கனி அவர் வாசலிலேயே நின்றாள்.

"நனையாத, வீட்டுக்குப் போடி."

"நீங்க வர்ற வரைக்கும் நிப்பேன்."

மாமா முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரையை எடுத்தார்.

ஓடைக்கரையில் பூங்கனி கை நீட்டிக் காட்டினாள். "நம்ம ஓடையிலயும் அக்கரை பாறை. இக்கரை மணல், கால அகட்டுனாத்தான் சாயாது. அப்பா அங்க நேரா நடட்டும். மாமா இங்க அகட்டி நடட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒரே பாலத்தத்தான் சொல்லுகிய. ஆளுக்குப் பாதி."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமா தலையைச் சொறிந்தார்.

"நேசையா, நாம இவ்வளவு காலமும் அரைப் பாலத்தத்தானடே பாத்திருக்கோம்."

மறுநாளே வேலை தொடங்கியது. கயிறு கட்டி இறங்கினார்கள். இடையில் பெய்த மழை குழிகளை இரண்டு தடவை மூடியது. பூங்கனி சளைக்காமல் கூடையில் மண் சுமந்தாள்.

பாலம் முடிந்த காலையில் நேசம்மாள்தான் முதலில் ஏறினாள். ஒவ்வொரு பலகையையும் ஓங்கி மிதித்துப் பார்த்தபடி அக்கரைக்குப் போனாள், திரும்பி வந்தாள். சிலேட்டை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

பூங்கனி பாலத்தில் ஏறினாள். நடுவில் அப்பாவும் மாமாவும் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நடுப்பாலத்துல நாம சந்திக்கது இதுதான் முதல் தடவை, என்னடே," என்றார் மாமா.

"ஆமா. இங்க மேஸ்திரி இல்ல," என்று சிரித்தார் அப்பா.

"வழி விடுங்க ரெண்டு பேரும்," என்றாள் பூங்கனி. "மணி அடிச்சாச்சு."