காலிக் கூண்டின் கிண்ணம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ஜெயக்கொடியின் துப்பறியும் அலுவலகத்துக்கு மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லி வருபவர்கள்தான் அதிகம். அன்று வந்த ரஞ்சனியின் முகத்தில் கல்யாணக் களை இல்லை. கொலையாக இருக்க வேண்டுமே என்று உதவியாளன் விமல்ராஜ் மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.

"நாளைக்கு மத்தியானம் கொல்லப் போறாங்க மேடம். என் எலிங்கள."

விமல்ராஜின் பேனா மூடிக்கொண்டது.

மருந்தியல் கல்லூரியில் மூக்கிரட்டைக் கீரைச் சாறு கொடுத்த எலிகளின் சிறுநீரகத்தை ரஞ்சனி இரண்டு வருடமாக அளந்து வருகிறாள். ஆயுத பூஜைக்குப் பிறகு அவற்றின் மூத்திரம் இரண்டு மடங்காகிவிட்டது. பச்சைத் தண்ணீர் போல. சாறு குடிக்காத எலிகளுக்கு ஒன்றுமில்லை.

"கிட்னி போச்சு, ஆராய்ச்சிய மூட்டை கட்டுன்னுட்டார் காலேஜ் முதல்வர்."

மூவரும் கல்லூரிக்குப் போனார்கள். முதல்வர் ராஜாராமின் பெயர்ப்பலகையில் பட்டங்கள் போக மீதி இடத்தில் பெயர் இருந்தது. "அறிவியல் தீர்ப்பளித்துவிட்டது" என்றார்.

எலி அறையில், முன்வரிசைக் கூண்டுகளில் சாறு குடித்த எலிகள், பின்வரிசையில் மற்றவை. ஒவ்வொரு கூண்டிலும் தண்ணீர் பாட்டில், கம்பித் தரை, அடியில் புனல், கிண்ணம். சுவரில் பூஜைப் போட்டோ: சந்தனத் தட்டோடு முதல்வர், முன்வரிசையில் கூண்டு, பாட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறார்.

"மூத்திரத்துல கிரியாட்டினின் கழிவு எவ்வளவு?" என்றாள் ஜெயக்கொடி.

"செறிவு பாதியாயிடுச்சு. ஆனா மூத்திரம் ரெண்டு மடங்கு இல்லையா, மொத்தக் கழிவு பழையபடிதான் இருக்குது" என்றாள் ரஞ்சனி.

ஜெயக்கொடி தலையாட்டினாள். "முன்வரிசையில ஒரு எலிய வேற கூண்டுக்கு மாத்தும்மா. பாட்டில் அப்படியே இருக்கட்டும். கிண்ணத்தக் கழுவி வை. காலையில பாக்கலாம்."

"எலி இல்லாம இன்னாக்கா பாக்கறது?" என்றான் விமல்ராஜ்.

காலையில் எல்லோரும் கூடினார்கள். காலிக் கூண்டின் கிண்ணத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது.

"எலியே இல்ல. இந்தக் கூண்டுக்கும் கிட்னி போச்சா சார்?" என்றாள் ஜெயக்கொடி.

முதல்வர் கண்ணாடியைத் துடைத்தார்.

"கிட்னி கெட்டிருந்தா கழிவு குறையும். குறையல. கூடினது தண்ணி மட்டும். அப்போ தண்ணி வெளியிலேர்ந்து வருது." பாட்டில் முனையைக் காட்டினாள் ஜெயக்கொடி. "எலி நக்கினாத்தான் தண்ணிய அடைச்சிருக்கற இந்தச் சின்ன இரும்புக் குண்டு நகரணும். இடுக்குல சந்தனம் காய்ஞ்சு குண்டு மாட்டிக்கிச்சு, ராத்திரியெல்லாம் சொட்டுது. பின்வரிசை போட்டோவுல வராது. அதனால அதுங்களுக்குப் பொட்டு இல்ல."

"அட!" என்று விமல்ராஜ் போட்டோவைப் பார்த்தான். முதல்வர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ரஞ்சனி வெந்நீரில் முனைகளைக் கழுவினாள். மறுநாள் இரண்டு வரிசைக் கிண்ணங்களிலும் ஒரே அளவு.

"இனிமே கொலை இல்ல மேடம். அடுத்த மாசம் ரத்தப் பரிசோதனைதான்" என்று போனில் சிரித்தாள். "முதல்வர் நோட்டீஸ் ஒட்டிட்டார், தன்னோட வழிகாட்டுதல்ல ஆராய்ச்சி தொடருதாம்."

"போட்டோ?"

"ஆணி மட்டும் இருக்குது."