மாடிவீட்டுக்காரி இறங்கிய பகல்

பையைப் பிரித்ததும் சட்டையின் கழுத்துப்பட்டை கையில் ஈரமாகப் பட்டது. மூன்று மாதமாக வாயை இறுக்கிக் கட்டி அலமாரிக்குள் வைத்திருந்த பை. ஓட்டை கிடையாது, இரண்டு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கண்ணாடிக்கடை வைத்திருப்பவன், ஊராரின் பார்வைக் கோளாறுக்கெல்லாம் காரணம் சொல்லியே பழகியவன், இதற்கும் ஒன்று சொல்லிக்கொண்டான்: மூடிய பைக்குள் புழுக்கம் தங்கும்.

முகர்ந்தான். சோப்பு, வியர்வை, கொஞ்சம் தலைவலித் தைலம். ஏணியிலிருந்து விழுந்து சாவதற்கு முந்தின நாள் மனைவி கழற்றிக் கதவில் மாட்டிய சட்டை. உலகத்தில் அவள் வாசனை மிச்சமிருந்தது இது ஒன்றில்தான். அதைத்தான் இன்றைக்கு வெயிலில் தொங்கவிடப் போகிறான்.

யோசனை, பட்டாம்பூச்சிச் சங்கத் தலைவருடையது. அச்சுக்குத் தயாராகும் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் தலைவர் படம் பதினான்கு, பட்டாம்பூச்சிப் படம் ஒன்பது. அந்த ஒன்பதிலும் இரண்டில் ஓரமாக அவர் நிற்கிறார்.

"உங்க வீட்டம்மா எடுத்த படத்தில இருக்கிறது பூச்சியே இல்ல சார். லென்ஸ்ல தூசி," என்றார் இன்று காலை போனில். "நானும் பெரிய மனசு பண்ணி உத்து உத்துப் பார்த்துட்டேன்."

"அவ கண்ணால பார்த்தா சார்."

"கண்ணால பார்த்ததெல்லாம் பதிவாகுமா? நாளைக்கு மலர் அச்சுக்குப் போகுது. தெளிவா ஒண்ணு எடுத்துக் குடுங்க, கண்டுபிடிச்சது அவங்கதான்னு பேரைப் போட்டுடறேன். உச்சியில இருக்கிறது உப்புக்கு இறங்கி வரும். பழைய வியர்வைத் துணி ஏதாவது கட்டித் தொங்கவிடுங்க."

குடியிருப்பின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே நின்றது அந்த மரம். அதன் உச்சியை விட்டு இறங்காத ஒருவகைப் பூச்சி. சிறகை மடக்கினால் காய்ந்த இலை; விரித்தால் வெயிலில் ஒரு நொடி நீலம்; கேமராவைத் தூக்குவதற்குள் காலி. மனைவி அதற்கு மாடிவீட்டுக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். "ஒரு நாளாவது கீழ வந்து எட்டிப் பார்க்கிறாளா? என்ன ஜம்பம் பாருங்க!"

ஏணி குடியிருப்புக்குப் பொதுவானது. ஒரு கால் கொஞ்சம் குட்டை. கீழே ஆள் பிடிக்காவிட்டால் ஆடும். அன்றைக்கு அவள் ஏறினாள், இவன் பிடித்தான். படிக்குப் படி, "ஏங்க, பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். உச்சியிலிருந்து கேமராவைக் கயிற்றில் இறக்கி, "கடைசிப் படத்தைப் பாருங்க, மாட்டிக்கிட்டாளா?" என்றாள். இவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

"பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். திரையில் தூசி அளவுக்கு ஒரு நீலம்.

இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

சட்டையை ஹேங்கரில் மாட்டி, மரத்தில் சாத்திய ஏணியின் நெஞ்சுயரப் படியில் தொங்கவிட்டு, கார் நிழலில் உட்கார்ந்தான். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. சிமென்ட் தரை கொதித்து, டீசல் நாற்றமும் காய்ந்த இலையின் துவர்ப்பும் மூக்கை அடைக்க, உச்சியில் நீலம் மின்னி மின்னி மறைந்ததே தவிர, ஒன்றுகூட இறங்கவில்லை. சட்டை மட்டும் காயவே இல்லை. அந்த வெயிலிலும்.

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினான். பிடிக்க ஆள் இல்லை. ஆள் இருந்தால் மட்டும் என்ன கிழித்தது என்று நினைத்துக்கொண்டான். ஒவ்வொரு படிக்கும் ஏணி இடப்பக்கம் சாய்ந்து, டக்கென்று தரையைத் தட்டி, மறுபடி நிமிர்ந்தது. டக். டக். ஜெனரேட்டர் நின்றது. டக். இலைகள் முகத்தில் உரசின.

உச்சியில் ஒன்றுமில்லை. இலை. வெயில். வெறும் கிளை.

ஏணி ஆடுவது நின்றிருந்தது.

எப்போதிலிருந்து? தெரியவில்லை. கீழேயிருந்து ஓர் ஓசை. யாரோ செய்தித்தாளை மெல்லப் புரட்டுவது மாதிரி.

குனிந்து பார்த்தான்.

சட்டை இருந்த இடத்தில் நீலம். நூற்றுக்கணக்கில். சிரிப்பே வந்துவிட்டது. மேலே ஏறினால் கீழே இறங்குவது, பட்டாம்பூச்சிக்காரன் பிழைப்பில் சகஜம்தானே. படம்! அவள் பேர்! கேமராவைக் கீழே திருப்பினான்.

திரையில் மஞ்சள் கட்டம் விழுந்தது.

முகத்தைக் கண்டால் மட்டும் விழும் கட்டம். கழுத்துப்பட்டைக்கு மேலே. ஒன்றுமே இல்லாத இடத்தில்.

அங்கேயும் பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. காற்றின்மேல். நெற்றியின் வளைவில், கன்னத்தின் வளைவில். சட்டைக் கைகள் நிரம்பி நீண்டு ஏணியின் இரண்டு கால்களையும் பற்றியிருந்தன. இறுக்கமாக.

முகம் அண்ணாந்திருந்தது. கண்கள் இருக்கவேண்டிய இரண்டு இடத்திலும் பூச்சிகள் முண்டியடித்து, குழலை நீட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. குடிக்கக் குடிக்க ஊறியது. வழிந்து கழுத்துப்பட்டையை நனைத்தது.

"பிடிச்சிருக்கியா?" கேட்டது அவன் குரல்தான்.

சிறகுகள் அசையவில்லை. மஞ்சள் கட்டம் அசையவில்லை.

சட்டையின் வலது கை ஏணியை விட்டது.

பிறகு இடது கை.

இரண்டும் மெதுவாக மேலே நீண்டன, கேமராவை வாங்கிக்கொள்ள.