மொனாகாவின் மூச்சு

துண்டு அசைந்தது. மின்விசிறி ஓடவில்லை, மழைக்குப் பயந்து ஜன்னல்களையும் அடைத்தாயிற்று. என்றாலும் அட்டைப்பெட்டிக்குள் ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே கிடந்த மொனாகாவின் மேல் போர்த்திய துண்டு, விலாப் பக்கம் மெல்ல எழும்பித் தணிந்தது. மசுமி கிட்டே குனிந்தாள்.

பூனை மொனாகா காலையிலேயே போய்விட்டது. இதயச் சுவர் தடித்து, நுரையீரலில் நீர் கோத்து, வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் கூண்டுக்குள் வாயைப் பிளந்தபடி இரைத்து இரைத்து அடங்கியது. தூங்கும்போது விலா எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மாதக்கணக்கில் அதே வேலை. பழகின கண், இல்லாததையும் காட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பெட்டியில் வைத்த சாமந்தியின் வாசத்துக்கு அடியில் மருந்து வாடை இன்னும் போகவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம். ஈரமான இரைப்பு.

துண்டை விலக்கிக் காதை வைத்தாள். குளிர்ச்சி. துடிப்பு இல்லை. காதுக்கடியில் விலா மட்டும் ஏறியது. இறங்கியது.

“ஏங்க, இது மூச்சு விடுது.”

கணவன் யசுஹிரோ வந்து கை வைத்தான். அசைவு நின்றுபோனது.

“கட்டையா விறைச்சுக் கெடக்கு, மசுமி. ராப்பகலா முழிச்சிருந்தே, அதான். இனிமேலாவது அது நிம்மதியாப் போகட்டும், விடு.”

அதற்குள், செல்லப் பிராணிகளை உள்ளேயே வைத்து எரிக்கும் தகன வண்டி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர் குனிந்து வணங்கி, கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஐயோ, உயிர் இருந்தால்? கத்தவேண்டும் போலிருந்தது. வந்த மனுஷர் முன்னால் பைத்தியக்காரியாக நிற்பதா? அவளே தூக்கிக் கொடுத்தாள்.

வண்டியின் பின்கதவு சாத்தப்பட்டது. உள்ளே உலையில் தீ மூண்டது.

ஓட்டுநர் பிடித்த குடையடியில் இருவரும் கைகூப்பி நின்றார்கள். வண்டியின் கூரைக் குழாயில் மெல்லிய புகை எழுந்தது. நின்றது. மறுபடி எழுந்தது. நின்றது.

ஓட்டுநர் குழாயை அண்ணாந்து பார்த்தார். “இப்படி ஆனதே இல்லையே, அம்மா.”

யசுஹிரோ கூப்பிய கைகளைப் பிரித்து, வண்டியை நோக்கி ஓரடி வைத்தான்.

புகை வேகமெடுத்தது. குட்டிக் குட்டியாக. விட்டுவிட்டு. வாய் பிளந்து காற்றுக்குத் தவிப்பதுபோல.

நிற்கவே இல்லை.