அத்திமரத்துப் புள்ளிக்காரி

“புள்ளிக்காரி நெசமாவே அந்த அத்திமரத்துல இருந்துச்சா, மாமா?”

தகப்பனைப் புதைத்த மறுநாள் அடெலா கேட்டது இது ஒன்றுதான். ஏழு வயதுப் பிள்ளை. தகப்பனின் கூட்டாளி ஃபெஸ்டோ அவள் தலையைத் தடவி, “இருந்துச்சும்மா, என் கண்ணால பாத்தேன்” என்றான்.

ருவாஹா காட்டில் பயணிகளுக்கு விலங்கு காட்ட வண்டி ஓட்டுகிறவர்கள் ரேடியோவில் சிறுத்தையைப் புள்ளிக்காரி என்பார்கள். பின்னால் இருக்கும் பயணிகளுக்குப் புரிந்து, வீணாக ஆசை வளர்ந்துவிடக் கூடாது அல்லவா. ஒருவன் கண்டதை மற்றவனுக்குச் சொல்லவேண்டும். சொன்னவனுக்கு மற்றவன் ஒருநாள் திருப்பிச் சொல்லவேண்டும். இந்த வழக்கத்தில் அடெலாவின் தகப்பன் லுவாண்டா ஒருநாளும் பிசகியதில்லை. சப்பாத்தியோ கிழங்கோ, பாதியைப் பிட்டு அடுத்தவன் பக்கம் தள்ளாமல் வாயில் வைத்ததும் இல்லை.

சென்ற மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஃபெஸ்டோ பாறைக்குன்றில் ஒரு சிறுத்தையைக் கண்டான். அதைத் தன் பயணிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான். தன் பயணிகளைச் சாப்பிட இறக்கிவிட்டுத் தனியே தேடிக்கொண்டிருந்த லுவாண்டா ரேடியோவில் விசாரித்தபோது, “மணலாத்து அத்திமரத்துல இருக்காடா, சீக்கிரம் வா” என்று எதிர்த்திசைக்கு அனுப்பினான். நடு ஆற்றில் வெள்ளம் லுவாண்டாவை வண்டியோடு அடித்துப்போனது. மலையில் பெய்த மழை அந்த ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் ஒரு வருடமாக ஜெபத்தில் சொல்லி வருகிறான்.

இன்று மாலை, பயணிகளை விமானத் திடலில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, முன்பலகையில் இருந்த கடலைப் பொட்டலம் நனைந்திருந்தது.

அடெலா காலையில் கொடுத்தது. பூங்கா வாயிலில் அவள் அம்மா வறுத்த கடலை விற்கிறாள். “அப்பாவோட கூட்டாளிக்கு” என்று ஜன்னல் வழியே ஒரு பொட்டலம் நீட்டுவாள் பிள்ளை, வாரம் தவறாமல். அவளிடம் உண்மையைச் சொல்ல அத்தனை காலைகள் அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. இன்றும் வாங்கிக்கொண்டு, கையசைத்துவிட்டு, வண்டியை எடுத்தான்.

மழை பெய்து ஐந்து மாதம் ஆகிறது. தண்ணீர்ப் புட்டி பின்னிருக்கையில், மூடி இறுகியபடி கிடந்தது. ஜன்னல் வழியே காய்ந்த புல்லும் யானைச் சாணமும் கலந்த சூடான வாசம் வந்துகொண்டிருக்க, அதற்கு அடியில், மெல்ல, வேறொரு வாசம் எழுந்தது. புதுவெள்ளம் புரட்டிய சேற்றின் வாசம். காகிதத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்து அவன் முழங்காலில் விழுந்தது. சில்லென்றிருந்தது.

ரேடியோ கரகரத்தது. அதை விமானத் திடலிலேயே அணைத்திருந்தான்.

“அண்ணே, டீ குடிச்சியா?”

எப்போது கூப்பிட்டாலும் லுவாண்டா முதலில் கேட்பது அதைத்தான். குரலில் அதே சிரிப்பு. சிரிப்புக்குப் பின்னால், தண்ணீரின் இரைச்சல்.

“புள்ளிக்காரி இருக்காண்ணே. மணலாத்து அத்திமரம். நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?”

ஃபெஸ்டோ பாலத்துச் சாலைக்கு வண்டியைத் திருப்பினான். ஒரு வருடமாக அந்தச் சுற்றுவழியில்தான் போகிறான். வளைவைத் தாண்டியதும் நிறுத்தவேண்டியதாயிற்று. சாலையை அடைத்துக்கொண்டு யானைகள், குட்டிகளை நடுவில் விட்டுக் காதுகளை விரித்து, அவனையே பார்த்து நின்றன. வால்கூட ஆடவில்லை. பத்து நிமிடம். இருபது நிமிடம். சூரியன் பாவோபாப் மரங்களின் கிளைக்கு இறங்கியது. இருட்டுமுன் முகாமில் இருந்தாக வேண்டும். வேறு வழி ஒன்றுதான், மணலாறு.

ஆற்றில் துளித் தண்ணீர் இல்லை. வெள்ளை மணல், அதில் பழைய குளம்புத் தடங்கள். ‘பார், காய்ந்துதானே கிடக்கிறது’ என்று தனக்கே சொல்லிக்கொண்டு இறங்கினான். அவசரத்தில் டயர் காற்றைக் குறைக்கவில்லை. இந்த மணலில் முதல் நாள் ஓட்டுகிறவன்கூடச் செய்யாத தவறு. நடு ஆற்றில் சக்கரங்கள் சுழன்றன. புதைந்தன. இயந்திரம் இருமி நின்றது.

பூச்சிகளின் சத்தமும் நின்றது.

ஒலிவாங்கியை எடுத்தான். “லுவாண்டா, என்னை மன்னிச்சிருடா. அன்னிக்கு அவ இங்க இல்ல. நான் பொய் சொன்னேன். பாப்பாகிட்டயும் சொன்னேன்.”

பொத்தானை விட்டான். ரேடியோவிலிருந்து அவன் குரலே திரும்பி வந்தது. ஒரு வருடத்துக்கு முந்தைய, உற்சாகமான குரல்.

“மணலாத்து அத்திமரத்துல இருக்காடா, சீக்கிரம் வா.”

மறுபடி அழுத்தினான். கத்தினான். மறுபடி அதே குரல். சீக்கிரம் வா. சீக்கிரம் வா.

நிமிர்ந்தான்.

அத்திமரத்தின் தாழ்ந்த கிளையில் அவள் இருந்தாள். பொன்னிற உடல், தொங்கும் வால். நிஜமான சிறுத்தை. லுவாண்டா பொய் சொல்லவில்லை. அவள் ஃபெஸ்டோவைப் பார்க்கவில்லை. ஆற்றின் மேல்திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

சக்கரங்களைச் சுற்றி மணல் கறுத்தது. கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. வெளியே ஏதோ எடையாக அழுத்தியது. காலடியில் குளிர். கணுக்கால்வரை. முழங்கால்வரை.

பக்கத்து இருக்கை கிறீச்சிட்டது.

அவன் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. ஊறி வெளுத்த ஒரு கை, நகங்களுக்குள் ஆற்று மணலோடு, நிதானமாக நீண்டு அந்தப் பொட்டலத்தைப் பிரித்தது. கடலையை முன்பலகையில் கொட்டியது. இரண்டு சம பாகமாகப் பிரித்தது. ஒரு பாகத்தை, அன்போடு, அவன் பக்கம் தள்ளியது.

ஜன்னல் விளிம்பைத் தண்ணீர் சத்தமில்லாமல் தாண்டியது. பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. கிளையில் சிறுத்தை தலையை முன்கால்களின் மேல் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.