வீடு முழுக்க ஒரே ஆள்

வானிலை பார்க்கத் திறந்த பக்கத்தின் ஓரத்தில் முட்டிவலிப் பட்டை விளம்பரம் வந்தபோது அவளுக்குச் சின்ன எரிச்சல்தான். நாள் பூரா குனிந்து பல்செட் செய்கிறவளுக்கு வலிப்பது கழுத்து. முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாள் தூசி அலர்ஜி மாத்திரை. அப்புறம் மடிப்பு மெத்தை. யாரோ ஒரு நோயாளிக்குப் போக வேண்டியது வழி தவறித் தன் போனுக்கு வந்து தொலைகிறது என்று தள்ளிவிட்டாள்.

இன்று வந்தது தூண்டில் நரம்பு.

மெழுகு வழித்துக்கொண்டிருந்த கத்தி கையிலேயே நின்றது. மீன்பிடிப் பைத்தியம் பிடித்த ஆள் ஒருத்தனைத்தான் அவளுக்குத் தெரியும், மகளின் அப்பன். அவனிடமிருந்துதான் மகளைத் தூக்கிக்கொண்டு, ஊர் மாறி, எண் மாறி, இந்தப் பழைய வீட்டில் ஒளிந்திருக்கிறாள். எங்கே போனாலும் பிள்ளையைத் தூக்கிவிடுவேன் என்று சொன்னவன். சொன்னால் செய்கிறவன், பாவி.

அதனால்தான் இவ்வளவு ஜாக்கிரதை. கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள், இருப்பிடம் காட்டுவதை நிறுத்தியிருந்தாள், பார்த்த பக்கங்களை அன்றன்றைக்கே அழித்துவிடுவாள். "அக்கா, உன் போனைக் கேட்டா நீ இன்னும் பொறக்கவே இல்லன்னு சொல்லும்" என்று போன் கடை வைத்திருக்கும் தம்பி கேலி செய்வான்.

அவனைத்தான் கூப்பிட்டாள்.

"நான் இதெல்லாம் தேடவே இல்லடா. பாப்பா டேப்லெட்டையும் பார்த்துட்டேன். வெறும் கார்ட்டூன்தான்."

"அப்போ உன் வைஃபையில வேற யாரோ இருக்காங்கக்கா. விளம்பரம் போடுறவனுக்கு வீடு முழுக்க ஒரே ஆள் மாதிரிதான். ஒருத்தர் தேடினது இன்னொருத்தருக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்கும்."

"இந்தத் தடிச் சுவருக்கு வாசல்லயே சிக்னல் செத்துடுதேடா."

"பாஸ்வேர்டை மாத்தச் சொன்னேனே, மாத்தினியா?"

மாற்றவில்லை. ரௌட்டருக்கு அடியில் ஒட்டிய சீட்டில் அச்சடித்திருப்பதுதான் இன்னும். வீட்டுக்குள் வந்தால்தானே படிக்க முடியும் என்று மெத்தனமாக இருந்துவிட்டாள்.

வீட்டுக்குள் வந்தால்தானே.

தம்பி சொல்லச் சொல்ல, இணைந்திருக்கும் கருவிகளைத் திறந்து பார்த்தாள். அவள் போன். மகளின் டேப்லெட். கீழே பெயரில்லாமல் இன்னொன்று.

"அக்கா," தம்பியின் குரல் இறங்கிவிட்டது. "போனை வைக்காத. பாப்பாவைக் கூட்டிட்டு வெளிய வா. நான் போலீஸோட வரேன்."

எழுந்தாள். மழை ஓட்டின்மேல் விடாமல் பெய்துகொண்டிருக்க, உருகிய மெழுகின் இனிப்பு வாசனைக்கு அடியில், செத்த எலியாக இருக்கும் என்று சில நாளாக அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பொறுத்திருந்த அந்தப் புளித்த நாற்றம், உள் அறையை நெருங்க நெருங்க வேர்வை நாற்றமாக மாறிக்கொண்டே வந்தது. உள் அறையின் பரணில்தான் எலி உருளும். பல் அச்சு வார்க்கும் ஜிப்சம் மாவு அட்டைப்பெட்டிகளை அடுக்கிய பரண். பொறி வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

பரணில் நிமிர்ந்து உட்கார முடியாது. மடங்கித்தான் கிடக்க வேண்டும்.

முட்டி வலிக்கும்.

தூசி.

மெத்தை.

கத்தினால் அவன் குதிப்பான். கட்டிலோ பரணுக்கு நேர் கீழே. மூச்சை அடக்கிக்கொண்டு கதவை விரல் நுனியால் தள்ளினாள்.

டேப்லெட்டில் கார்ட்டூன் தானாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் அதைப் பார்க்கவில்லை. மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணை ஓரத்தில் மஞ்சள் மிட்டாய்த் தாள்கள் குவிந்து கிடந்தன. இந்த வீட்டுக்கு அவள் மிட்டாய் வாங்கி வந்ததே இல்லை.

இரண்டு பெட்டிகளின் இடுக்கிலிருந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஒரு நரம்பு இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இன்னொரு மிட்டாய்.

மகள் பழகிய கையாக, சத்தமில்லாமல், உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தாள்.